அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள்: அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அயர்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலம் முழுக்க, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார், மழையைப் பற்றிப் பேசினார், "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றும் சொன்னார். அந்த ஒரு நாள் வரவே இல்லை. பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். அது தப்பு. இங்கே பழக்கம் வீட்டுக் கூடத்தில் தொடங்குவதில்லை. மைதானத்து ஓரத்தில், பாட்டு நடக்கும் பப்பின் மூலையில், துக்கம் விசாரிக்கும் வரிசையில் தொடங்குகிறது. அங்கெல்லாம் யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க மாட்டார்கள். நாமாகப் போய் நிற்க வேண்டும். அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு, மூன்று நான்கு வாரம் விடாமல் போக வேண்டும். இது புரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

நான் இருப்பது மேற்கே கிளேர் கவுண்டியில், என்னிஸ் பக்கம். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை. டப்ளினிலோ கார்க்கிலோ இருப்பவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதல் வாரம்: பேச்சும் தேநீரும்

பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். கிராமத்துச் சாலையில் எதிரே வரும் காரோட்டி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினால் அது வணக்கம், நீங்களும் தூக்குங்கள். "ஹவ் ஆர் யூ" என்று கேட்பவர் உங்கள் உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை. "நாட் டூ பேட், யுவர்செல்ஃப்?" என்று சொன்னால் போதும். 'நாட் டூ பேட்' என்றால் நன்றாகவே இருக்கிறேன் என்று அர்த்தம்.

சில சொற்களை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். 'கிராண்ட்' என்றால் சரி, பரவாயில்லை, ஆகட்டும் எல்லாம்தான். 'கிவிங் அவுட்' என்றால் திட்டுவது. 'பிரெஸ்' என்றால் அலமாரி. 'ஐ வில், யா' என்று இழுத்துச் சொன்னால் மாட்டேன் என்று பொருள். இதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் உண்டு. 'வாட்ஸ் த க்ராக்?' என்பது நம் 'என்ன விசேஷம்?' தான். சிரிப்பும் பேச்சும் பாட்டும் சேர்ந்து நன்றாகப் போன ஒரு பொழுதுக்கும் 'க்ராக்' என்றுதான் பெயர்.

யார் வீட்டுக்குப் போனாலும் தேநீர் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் மறுபடி கேட்பார்கள். மூன்றாவது முறை வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். நம் ஊரிலும் இப்படித்தானே, அதனால் இது நமக்குப் பழகிய ஆட்டம். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு பிஸ்கட் பாக்கெட் போதும்.

அதே வாரத்தில் உள்ளூர் நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். கட்டணம் கிடையாது. 2019 முதல் தாமதத்துக்கு அபராதமும் கிடையாது. நூலகத்து அறிவிப்புப் பலகையை நிதானமாகப் படியுங்கள். பின்னல் குழு, ஐரிஷ் பேச்சு வட்டம், நடைக் குழு, சதுரங்கம் என்று ஊரில் நடப்பதெல்லாம் அங்கே ஒட்டியிருக்கும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'டைடி டவுன்ஸ்' குழு. 1958-லிருந்து நாடு முழுக்க நடக்கும் ஊர்த் தூய்மைப் போட்டி இது. எங்கள் என்னிஸ் 2021-ல் முதலிடம் வந்தது. மாலையில் கையுறையும் குப்பை எடுக்கும் இடுக்கியும் தருவார்கள். பக்கத்தில் குனிந்து குப்பை பொறுக்குகிறவரோடு பேச்சு தானாக வரும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

முதல் மாதம்: மைதானம்

ஊரின் உயிர்நாடி எது என்று கேட்டால் ஜி.ஏ.ஏ. கிளப் என்று யோசிக்காமல் சொல்வேன். கேலிக் தடகளச் சங்கம் என்பது அதன் முழுப்பெயர். 1884 நவம்பர் 1 அன்று திப்பரரி கவுண்டியின் தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் முக்கியமானவரான மைக்கேல் கியூசாக் எங்கள் கிளேர்க்காரர். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தங்கள் சொந்த விளையாட்டுகளை மீட்டெடுக்க எழுந்த அமைப்பு இது. மட்டையால் பந்தை அடித்து ஆடும் ஹர்லிங், கேலிக் ஃபுட்பால் இரண்டும் இதன் முக்கிய ஆட்டங்கள். பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்குக் கமோகி என்று பெயர், 1904-ல் தொடங்கியது.

இந்த ஆட்டக்காரர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை டப்ளினின் குரோக் பார்க்கில் 82,300 பேர் முன்னால் ஆடியவர், திங்கட்கிழமை உங்கள் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் நடத்தலாம். விலைக்கு வாங்கி ஆள் மாற்றும் வழக்கமும் இல்லை. பிறந்த ஊருக்கோ வாழும் ஊருக்கோதான் ஆடுவார்கள். அதனால்தான் ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் இவர்கள் குரலே மாறிவிடுகிறது.

ஹர்லிங் பார்க்கப் போகும் முன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக்கு 15 பேர். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்தைப் போல இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. நடுவர் உதவியாளர் பச்சைக் கொடி காட்டுவார். கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி, வெள்ளைக் கொடி. ஸ்கோரை 3-29 என்று எழுதுவார்கள். 3 கோல், 29 புள்ளி, மொத்தம் 38. இது கற்பனைக் கணக்கு அல்ல. 2024 ஜூலையில் நடந்த அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் கிளேர் எடுத்தது 3-29, கார்க் எடுத்தது 1-34. கூட்டிப் பாருங்கள்: 38-க்கு 37. கூடுதல் நேரம் வரை போய், ஒரே ஒரு புள்ளியில் கிளேர் ஜெயித்தது. அடுத்த நாள் மாலை என்னிஸில் மஞ்சளும் நீலமும் உடுத்தாத ஆளே இல்லை.

மட்டைக்கு 'ஹர்லி' என்று பெயர், பந்துக்கு 'ஸ்லிட்டர்'. பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, மட்டையால் தூக்கித்தான் கையில் பிடிக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு 4 எட்டுக்கு மேல் நடக்கக் கூடாது. அப்புறம் மட்டையின் நுனியில் பந்தை நிறுத்திக்கொண்டு ஓடலாம். முழு வேகத்தில் ஓடுகிற ஒரு பிள்ளையின் மட்டை நுனியில் பந்து ஒட்டினாற்போல நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஹர்லி செய்வது ஆஷ் மரத்தில், அதுவும் அடிமரத்தில். வேருக்கு மேலே மரம் வளையும் இடத்தில் இழையும் சேர்ந்து வளைந்திருக்கும். மட்டையின் வளைவு அந்த இழையோடு போவதால் எளிதில் உடையாது. 2012-லிருந்து இங்கே ஆஷ் மரங்களைப் பூஞ்சை நோய் ஒன்று அழித்து வருகிறது. இப்போது மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் மட்டைகள் வருகின்றன. வயதான ஆட்டக்காரர் ஒருவர் தன் பழைய ஆஷ் மட்டையின் இழையைக் கட்டைவிரலால் தடவிக்காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, எப்படிச் சேர்வது? பிள்ளை இருந்தால் எளிது. பெரும்பாலான கிளப்புகளில் 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு வார இறுதியில் காலை 'நர்சரி' என்ற ஆட்டப் பயிற்சி நடக்கும். கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தில் நேரம் பார்த்துவிட்டு நேராகப் போங்கள். முதல் ஓரிரு வாரம் இரவல் மட்டை கொடுப்பார்கள். பிடித்துவிட்டால் 'ஃபுய்ரன்' என்ற ஜி.ஏ.ஏ. இணையதளத்தில் பதிவு செய்து வருடச் சந்தா கட்ட வேண்டும். காயம் பட்டால் கிடைக்கும் உதவி இந்தப் பதிவோடு சேர்ந்தது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். ஹர்லிங்குக்கும் கமோகிக்கும் தலைக்கவசம் கட்டாயம், ஃபுட்பாலுக்குப் பல் கவசம் கட்டாயம். மட்டையின் உயரம் பிள்ளையின் இடுப்பெலும்பு வரை இருந்தால் போதும். வளர்ந்த பிறகும் உதவும் என்று பெரிதாக வாங்காதீர்கள், கை வீச வராது.

அங்கே போய்க் காருக்குள் உட்காரக் கூடாது. இதுதான் முக்கியம். மகளை முதல் நாள் கூட்டிப்போனபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் என் கையில் ஆரஞ்சு நிறக் கோன்களை அடுக்காகத் திணித்து, "அந்தக் கோட்டோரமா வச்சுட்டு வாங்க" என்றார். வைத்தேன். அடுத்த வாரம் நான் கேட்காமலே எடுத்து வைத்தேன். மூன்றாவது வாரம் எல்லோருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது. தொடர்ந்து உதவ விரும்பினால் காவல்துறையின் 'கார்டா வெட்டிங்' சரிபார்ப்பும், குழந்தைப் பாதுகாப்புப் பற்றிய சிறு பயிற்சியும் முடிக்க வேண்டும். கிளப்பே வழிகாட்டும்.

பிள்ளை இல்லாதவர்கள், ஆட்டமே தெரியாதவர்கள் என்ன செய்வது? பெண்களுக்கென்று 'கேலிக் ஃபார் மதர்ஸ் அண்ட் அதர்ஸ்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. வாழ்நாளில் பந்தைத் தொடாதவர்களும் வரலாம், போட்டியை விடப் பொழுதுபோக்குத்தான் நோக்கம். என் மனைவி இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்து அங்கே போவார். இந்த ஊரில் அவருடைய நெருங்கிய தோழிகள் எல்லோரும் அங்கே கிடைத்தவர்கள். ஓட விரும்புகிறவர்களுக்கு சனிக்கிழமை காலை 9:30-க்குப் பல ஊர்களில் 'பார்க்ரன்' நடக்கும்: 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம். கிரிக்கெட் இல்லாமல் முடியாது என்பவர்களும் கவலைப்பட வேண்டாம். அயர்லாந்துக்கு 2017-ல் டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது, பல ஊர்களில் கிளப்புகள் இருக்கின்றன. ஆனால் கிரிக்கெட்டோடு நின்றுவிட்டால் மறுபடி நம் ஆட்களோடுதான் சுற்றிக்கொண்டிருப்போம். அதையும் ஆடுங்கள், ஹர்லிங் ஓரத்திலும் நில்லுங்கள்.

இசை நடக்கும் மூலை

பாரம்பரிய இசை இங்கே பெரும்பாலும் மேடையில் நடப்பதில்லை. பப்பின் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். அதற்கு 'செஷன்' என்று பெயர். இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு மெதுவாகத் தொடங்கும். ஃபிடில், மரக் குழல், டின் விசில், கான்சர்டினா, பௌரான் என்ற ஆட்டுத்தோல் பறை, சில சமயம் 'இல்லன் பைப்ஸ்'. 'இல்லன்' என்பது முழங்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வாயால் ஊதாமல் முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் கருவி இது. இதன் வாசிப்பை யுனெஸ்கோ 2017-ல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது, அடுத்த வருடம் ஹர்லிங்கையும் சேர்த்தது.

நான் முதன்முதலில் போனபோது ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். அது வரவிருந்த ஃபிடில்காரருக்கு வைத்திருந்த இடம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் சுவரோரமாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "இங்கே இருந்தா விரல் தெரியும்" என்றார். எழுந்து போனேன். உண்மையாகவே அங்கிருந்து விரல் தெரிந்தது. கான்சர்டினா வாசித்த பெண்ணின் கை ஒரு அங்குலத்துக்கு மேல் நகரவில்லை. விரல் மட்டும் பொத்தானுக்குப் பொத்தான் தாவியது.

ஆகவே முறை இது. வாசிப்பவர்களின் வட்டத்துக்குள் இருக்கும் இருக்கையில் கேட்காமல் உட்காராதீர்கள். தாளத்துக்குக் கை தட்டாதீர்கள், வாசிப்பவர்களின் காலம் கலைந்துவிடும், முடிந்ததும் தட்டலாம். முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் பிடிக்காதீர்கள். ஒரு மெட்டின் இரண்டு பகுதிகளையும் திரும்பத் திரும்ப வாசித்து, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள், இப்படி இரண்டு மூன்று சேர்ந்தது ஒரு 'செட்'. அந்தச் செட் முடிகிற இடைவெளியில் பேசலாம். "இந்த மெட்டுக்கு என்ன பெயர்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லி, அது யாரிடம் கற்றது என்று கதை தொடங்கிவிடும். மெட்டு ரீல் வகையா ஜிக் வகையா என்று அறிய எளிய வழி: நாலு நாலாக எண்ண வந்தால் ரீல், 'தகிட தகிட' என்று ஓடினால் ஜிக்.

நடுவில் யாராவது பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடத் தொடங்கினால் பப் முழுக்க அடங்கிவிடும். கோப்பையைக்கூட மெதுவாக வைப்பார்கள். 'ஷான் நோஸ்' என்ற அந்தப் பாணியில் ஒவ்வொரு சொல்லையும் அசைத்து, வளைத்துப் பாடுவார்கள். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது. ஒரு இரவு கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த முதியவரின் கையைப் பக்கத்தில் இருந்தவர் பிடித்து, பாட்டின் ஓட்டத்துக்கு மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். பாடுகிறவருக்குத் துணையாக அப்படிச் செய்வது கானமாராப் பக்கத்துப் பழைய வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் தயவுசெய்து பேசாதீர்கள், பணம் கொடுக்க எழுந்திருக்கவும் வேண்டாம்.

கேட்பதோடு நிற்காமல் வாசிக்கவும் முயலுங்கள். 'டி' சுருதி டின் விசில் 10, 15 யூரோவுக்குள் கிடைக்கும், ஆறு துளைதான். 1951-ல் முல்லிங்கரில் தொடங்கிய 'கோல்தஸ்' அமைப்புக்கு ஊர் ஊராகக் கிளைகள் உண்டு, பல கிளைகளில் பெரியவர்களுக்கும் வகுப்பு நடக்கிறது. பௌரான் எளிதென்று நினைத்து அதை வாங்கிக்கொண்டு செஷனுக்குப் போகாதீர்கள். ஒரு வட்டத்தில் ஒரு பௌரான்தான் அழகு. ஏற்கெனவே ஒருவர் இருந்தால் கேட்டுவிட்டு, அவர் ஓய்ந்தபின் வாசிக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு நேர்வழி இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயரின் பேண்டுகளில் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்கு எழுதிய நோட்டுஸ்வரங்கள் நமக்குத் தெரியும். அவற்றில் 'வந்தே மீனாக்ஷி' கார்க் கவுண்டியின் மாலோ ஊர்ப் பெயரைத் தாங்கிய 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' மெட்டேதான். இங்கே விசில் பழகும் பிள்ளைகள் அதை ஆரம்பத்திலேயே வாசிப்பார்கள். சின்ன வயதில் பாட்டு வகுப்பில் கற்ற அதை, விரலுக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு மாதம் ஆனது. செஷனில் "ஒன்று வாசியேன்" என்றபோது அதைத்தான் தொடங்கினேன். இரண்டாவது வரியில் ஃபிடில் சேர்ந்துகொண்டது. முடித்தபின் திருவாரூரைப் பற்றியும், தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதே ஃபிடிலைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்ததைப் பற்றியும் கால் மணி நேரம் பேச வைத்துவிட்டார்கள்.

ஜூலையில் கிளேரின் மில்டவுன் மால்பே ஊரில் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கும். அந்த ஊரின் பைப்ஸ் கலைஞர் வில்லி கிளான்சி 1973-ல் காலமானதிலிருந்து வருடந்தோறும் நடக்கிறது. காலையில் வகுப்பு, இரவில் ஊர் முழுக்க வாசிப்பு. தங்க இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆட விருப்பம் இருந்தால் 'கெய்லி' நடக்கும் இடத்துக்குப் போங்கள். ஒருவர் அடவைச் சொல்லச் சொல்லக் கூட்டமாக ஆடுவார்கள். தப்பாக ஆடினால் கையைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

பப்பும் 'ரவுண்டும்'

குடிக்காதவர்கள் பப்புக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். நான் குடிப்பதில்லை. சோடா, எலுமிச்சைப் பானம், மது இல்லாத பியர், தேநீர் எல்லாம் கிடைக்கும். யாரும் வற்புறுத்தியதில்லை. 'ரவுண்டு' முறையை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். நான்கு பேர் போனால் முதலில் ஒருவர் நால்வருக்கும் வாங்குவார், அடுத்தது இன்னொருவர். வாங்கிக் குடித்துவிட்டுத் தன் முறை வருமுன் கிளம்புவது மிகப் பெரிய குறை. செலவு ஒத்துவராது என்றால் வந்தவுடனே "இன்று எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பொதுவாகக் கவுன்டரில் போய்த்தான் வாங்க வேண்டும். வரிசை என்று எதுவும் தெரியாது, ஆனால் யார் முதலில் வந்தார் என்பது கவுன்டர்காரருக்குத் தெரியும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பொதுவாக இரவு 9 மணிக்குள், மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்குள், கிளம்பிவிட வேண்டும்.

குளிர்காலத்தில் சில பப்புகளிலும் ஊர்ச் சமுதாயக் கூடங்களிலும் 'இருபத்தைந்து' என்ற சீட்டாட்டம் நடக்கும். துருப்பில் ஐந்துதான் எல்லாவற்றுக்கும் பெரியது, அடுத்தது துருப்பு ஜாக், அதற்கடுத்தது எப்போதும் ஆர்ட்டின் ஏஸ். சிவப்பில் பெரிய எண் பெரியது, கறுப்பில் சின்ன எண் பெரியது. ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்த வாரம் கையில் சீட்டு வாங்குங்கள்.

கொஞ்சம் ஐரிஷ்

அன்றாடம் எல்லோரும் பேசுவது ஆங்கிலம்தான். ஆனாலும் ஐரிஷ்தான் நாட்டின் முதல் ஆட்சிமொழி, தெருப் பலகையெல்லாம் இரண்டு மொழியிலும் இருக்கும். முதலில் தெரிய வேண்டியது கழிவறைக் கதவு. 'ஃபிர்' என்றால் ஆண்கள், 'ம்னா' என்றால் பெண்கள். ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு 'எம்' எழுத்தைப் பார்த்து ஆண்கள் உள்ளே போய்விடாதீர்கள். பேருந்து முகப்பில் 'அன் லார்' என்று இருந்தால் நகர மையத்துக்குப் போகிறது.

'ஜீயா டிட்' என்று வணங்கினால் 'ஜீயா ஸ் முர டிட்' என்று பதில். நன்றிக்கு 'குர மஹ அகத்'. இவ்வளவு போதும், கேட்டவர் முகம் மலர்ந்துவிடும்.

தமிழர்களுக்கு இந்த மொழியில் ஒரு அனுகூலம் இருக்கிறது. 'ஐ ஹேவ்' என்பது போல உடைமைக்கு ஐரிஷில் தனி வினை கிடையாது. 'தா லௌர் அகம்' என்றால் 'என்னிடம் புத்தகம் இருக்கிறது'. பசித்தால் 'தா உக்ரஸ் உரம்': பசி என்மேல் இருக்கிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது உறுத்தாது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள்தான் தடுமாறுவார்கள். 'யெஸ்', 'நோ' என்று தனிச் சொற்களும் இல்லை, கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். "அன் டிகன் தூ?", புரிகிறதா? "திகிம்", புரிகிறது. "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன்." அதேதான். ஒரே வித்தியாசம், அவர்கள் வினையை வாக்கியத்தின் முதலில் வைக்கிறார்கள், நாம் கடைசியில்.

மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் வாரம் என்று கொண்டாடுவார்கள், பெயரில் வாரம் என்றாலும் இரண்டு வாரத்துக்கு மேல் போகும். நூலகத்துப் பேச்சு வட்டத்தில் சேர அது நல்ல நேரம். பிள்ளைகள் பள்ளியில் எப்படியும் படிப்பார்கள், அவர்களோடு சேர்ந்து நீங்களும் தொடங்கலாம். பெல்ஃபாஸ்டின் நீகேப் போன்ற இளைஞர் குழுக்கள் ஐரிஷில் ராப் பாடிப் பெயர் வாங்கிய காலம் இது. பழைய மொழி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

மலையும் கடலும்

மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் வெளியே போகவே முடியாது. நல்ல மழைச்சட்டையும் நனையாத காலணியும் வாங்குங்கள்; குடை இந்தக் காற்றுக்கு நிற்காது. வானிலைத் துறை மெட் ஏரன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். ஆரஞ்சு என்றால் கடற்கரைக்கும் மலைக்கும் போகாதீர்கள், சிவப்பென்றால் வீட்டுக்குள் இருங்கள்.

அடையாளம் போட்ட நடைப்பாதைகளும், பழைய ரயில் தடத்தில் அமைத்த 'கிரீன்வே' பாதைகளும் நாடு முழுக்க உண்டு. வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் வரை 42 கிலோமீட்டர் சைக்கிளில் போகலாம். ஆனால் வயல்வெளியில் இஷ்டப்படி நடக்கும் உரிமை இங்கே கிடையாது, நிலம் விவசாயியுடையது. வழியில் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடி வையுங்கள். ஆடு மாடு மேயும் இடத்துக்கு நாயைக் கூட்டிப்போகாதீர்கள்.

கடல் நீச்சல் இப்போது எல்லா வயதினருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. ஆகஸ்டில் தண்ணீர் 15, 16 டிகிரி இருக்கும், பிப்ரவரியில் 8, 9-தான். தனியாக இறங்கவே இறங்காதீர்கள். கோடையில், உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில், சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே தொடங்குங்கள். முதல் நாள் இரண்டு நிமிடம் போதும். உடம்பைத் துடைத்து உடனே உடுத்திக்கொள்ளுங்கள், நடுக்கம் வெளியே வந்த பிறகுதான் அதிகமாகும். அப்போது குடிக்க ஃபிளாஸ்கில் தேநீர் வேண்டும். ஆபத்து என்றால் 112 அழைத்து 'கோஸ்ட் கார்ட்' என்று கேளுங்கள்.

வருடத்தின் நாட்கள்

பிப்ரவரி 1 புனித பிரிஜிட் நாள். 2023 முதல் அதையொட்டிப் பொது விடுமுறை. கோரைப் புல்லில் சிலுவை முடையக் கற்றுத்தருவார்கள், பிள்ளைகளோடு போங்கள். மார்ச் 17 பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; டப்ளின் கூட்டத்தை விடச் சின்ன ஊரின் ஊர்வலம்தான் எனக்குப் பிடிக்கும், டிராக்டரும் பள்ளிப் பிள்ளைகளும் கிளப்புகளும் வரிசையாக வரும். ஆகஸ்டில் கெரி கவுண்டியின் கில்லார்க்ளினில் 'பக் ஃபேர்': காட்டு ஆட்டுக்கு முடிசூட்டி மூன்று நாள் சந்தை நடத்துவார்கள். செப்டம்பரில் 'கல்ச்சர் நைட்', ஒரு மாலை முழுக்க அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் இலவசமாகத் திறந்திருக்கும். அக்டோபர் 31 ஹாலோவீன், இங்கே பிறந்த பண்டிகை, பழைய 'சவ்வின்' திருநாளின் தொடர்ச்சி. அன்று 'பார்ம்பிராக்' என்ற பழ ரொட்டிக்குள் மோதிரம் வைத்திருப்பார்கள், கடிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 6 பெண்களின் கிறிஸ்துமஸ். அன்று வீட்டு வேலை ஆண்களுக்கு.

துக்கம்

கடைசியாக வைத்தாலும் இதுதான் முக்கியம். நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அயர்லாந்து அப்படியே நடக்கிற நாடு. இறந்தவரை நேரில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட வேலை செய்பவரின் அம்மா, பிள்ளையின் பயிற்சியாளருடைய அண்ணன் என்றாலும் போவார்கள்.

செய்தி உள்ளூர் வானொலியிலும், ஆர்.ஐ.பி. டாட் ஐ.இ. தளத்திலும் வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடக்கம் முடிந்துவிடும், அதனால் தாமதிக்காமல் பாருங்கள். அறிவிப்பில் 'ரிப்போசிங்' (உடலைப் பார்வைக்கு வைத்திருப்பது) என்று கொடுத்திருக்கும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம். 'ஹவுஸ் பிரைவேட்' என்றிருந்தால் வீட்டுக்குப் போகக் கூடாது. 'ஃபேமிலி ஃபிளவர்ஸ் ஒன்லி' என்றால் பூ வாங்காமல் குறிப்பிட்ட தொண்டுக்கு நன்கொடை கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா இறந்தபோதுதான் நான் முதன்முதலில் போனேன். முதலில் பார்த்தபோது வரிசை கதவுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம் வரை இருந்தது. உள்ளே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் குடும்பத்தார் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்று சொல்லி நகர வேண்டும். வேறு எதுவும் சொல்ல வேண்டாம், எல்லோரும் அந்த நாலு வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். நான் கை நீட்டியதும் அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ வந்துட்டே" என்றார். வரிசை நின்றது. பின்னால் இருந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். அடுத்த வாரம் தன் தோட்டத்து உருளைக்கிழங்கை ஒரு பையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அடர்ந்த நிறத்தில் சாதாரண உடை போதும். பிள்ளைகளையும் கூட்டிவருவார்கள், அதில் தயக்கம் வேண்டாம். தேவாலயத்தில் மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்காருங்கள். நற்கருணைக்குப் போகும் நேரத்தில் இருக்கையிலேயே இருந்துவிடலாம். அடக்கம் முடிந்ததும் கூடத்திலோ ஹோட்டலிலோ சாண்ட்விச்சும் தேநீரும் இருக்கும். அறிவிப்பிலோ பலிபீடத்திலிருந்தோ எல்லோரையும் அழைத்திருந்தால் தயங்காமல் போங்கள். சுமார் ஒரு மாதம் கழித்து 'மந்த்ஸ் மைண்ட்' என்று இன்னொரு பூசை இருக்கும், அதற்கு வருகிறவர்கள் குறைவு. அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.